கரடி நம்மைப் பார்த்த பதினெட்டுக் கட்டம்

தாராவியில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். சாக்கடை ஓடிய இடத்தில் மண் கொட்டி, தகரம் போட்டு, பத்துக்குப் பதினைந்தில் ஒரு தோல் பட்டறை. அதன் தலைமேல் ஒரு மாடி. அந்த மாடியே நிற்காது என்று சொன்ன இன்ஜினியரைக் கீழே நிற்க வைத்துக்கொண்டே அதன்மேல் இன்னொரு மாடி. பன்னிரண்டு தையல் மிஷின். நான்காம் வகுப்பில் என் வாத்தியார் "இந்தக் கை எதுக்கும் ஆகாது" என்று பிரம்பால் தொட்டுக் காட்டினார். அந்தக் கை தைத்த பைகள் கப்பல் ஏறிப் போயிருக்கின்றன. நான்கு மொழி பேசுவேன், ஒன்றில்தான் எழுதுவேன், அதையும் நானே கற்றுக்கொண்டேன். இதில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

இத்தனையும் கட்டிய என்னால், சந்தேக மிஸ்திரியை ஒரே ஒரு உண்மையை நம்ப வைக்க முடியவில்லை.

மும்பை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார். சாமியே நேரில் வந்து நின்றாலும், ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். தையல் மிஷின் ரிப்பேர் அவர் தொழில். என் வயதுதான், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். நாற்பது வருடப் பழக்கம். ஆனால் அவர் உண்மைப் பெயர் எனக்கே தெரியாது. எப்போது கேட்டாலும் "எதுக்கு கேக்கீரு?" என்பார். அதனால் ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

ஒருமுறை பாண்டுப்பில் ஒரு மிஷின் நின்றுபோய் அவசரமாகக் கூப்பிட்டார்கள். பிளாட்பாரத்தில் நின்ற மூன்று பேரிடம் "இந்த வண்டி பாண்டுப் போகுமா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் போகும் என்றார்கள். மிஸ்திரி ஏறவில்லை. திரும்பி வந்து என் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்வே போவல?"

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லுதான். முன்கூட்டியே பேசி வச்சிருக்கான்வ."

"ஒமக்கு பாண்டுப் வழி சொல்லுததுக்கு மூணு பேரு கூட்டம் போட்டு பேசுவானாவே?"

"நீரு மனுசங்கள நம்பி நம்பியே கெட்டுப்போனீரு."

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி வீட்டுக் கணக்கெடுப்பு வந்தபோது இன்னும் வேடிக்கை. கதவுக்குக் கதவு நம்பர் எழுதிக்கொண்டு வந்தவர்கள் அவர் அறைக்கும் வந்து, காகிதங்களைக் காட்டச் சொன்னார்கள். மிஸ்திரி நாற்காலியைப் போட்டு அவர்களை உட்கார வைத்து, "பெஹ்லே தும்ஹாரா காகஸ் திகாவ்" என்றார். முதலில் உங்கள் வீட்டுக் காகிதம். அவர்களில் ஒருவன் தான் கல்யாணில் வாடகைக்குக் குடியிருப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்டான். "சொந்த வீடு இல்லாதவன் என் வீட்ட எப்படி அளப்பான்?" என்று மிஸ்திரி ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் அவர்கள் நம்பரை எழுதாமலே போய், மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் சினிமா பார்ப்பாரா என்றால், பார்ப்பார். ஏழே நிமிடம். அதுவும் ஒரே படம்.

பழைய சாமான் சந்தையில் மிஷின் பாகம் தேடிப் போன இடத்தில் ஒரு சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். தையல் மிஷின் ஓடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அங்கே தையல் மிஷின் இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் படம் காட்டுவார்களே, அந்தச் சின்ன ப்ரொஜெக்டர். உள்ளே தையல் மிஷினில் துணியை நகர்த்துகிற பல் மாதிரியே ஒரு பல், பிலிமின் ஓட்டையில் மாட்டி இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. "நம்ம மிஷினோட தம்பி வே இது" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு ஒரே ஒரு ரீல் இருந்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து கார்ட்டூன் எடுத்த காலத்துச் சரக்கு. முன்பக்கத் துண்டு தேய்ந்து போய்விட்டதால் படத்தின் பெயரும் தெரியாது, எடுத்தவன் பெயரும் தெரியாது. சத்தம் வருகிற பாகம் செத்துக் கிடந்தது. ஆகவே ஊமைப் படம்.

கதை இவ்வளவுதான். ஒரு கரடியின் வீடு ஒழுகுகிறது. தூங்கும்போது சரியாக மூக்கின்மேல் சொட்டுகிறது. கூரையை அடைக்க ஏறுகிறது. கூரைமேல் ஒரு ஆடு நிற்கிறது. ஆடு ஆணியைத் தின்கிறது. சுத்தியல் பிடியைத் தின்கிறது. கரடி இறங்கி மறுபடி ஏறும்போது ஆடு ஏணியை மேலேயிருந்து ஒவ்வொரு படியாகத் தின்றுகொண்டே வருகிறது, கரடியும் ஏறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஆட்டைத் துரத்திக்கொண்டு கூரை விளிம்பைத் தாண்டிக் காற்றில் ஓடி நின்றுவிடுகிறது. தொப்பியைச் சரி செய்கிறது. காலுக்குக் கீழே பார்க்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறது. அப்புறம்தான் விழுகிறது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு என் பட்டறையில்தான் காட்சி. ஷட்டரை இழுத்தால் கும்மிருட்டு, எங்களுக்கு ஜன்னல் கிடையாது. அதுவும் நான் கட்டிய முறைதான். என் மனைவி, டீக்கடை பாய், சந்தில் அந்த நேரம் அகப்பட்டவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் தோல் கட்டுகள்மேல் உட்காருவோம். மழைக்காலத்தில் ஒழுகாத வீடே எங்கள் சந்தில் இல்லை, ஆடு ஏறாத கூரையும் இல்லை. அமெரிக்காக்காரன் எங்கள் சந்துக்கு வந்து ஒளிந்திருந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் எடுத்திருக்க வேண்டும் என்று மிஸ்திரி உறுதியாகச் சந்தேகப்பட்டார்.

கரடி நம்மைப் பார்க்கிற இடத்தில் என் மனைவி சிரிப்பாள் பாருங்கள், மேல்மாடியில் தொங்கும் பெல்ட் பக்கிள் எல்லாம் கிலுகிலுக்கும். அவள் தொடங்கினால் பாய் தொடங்குவார். பாய் தொடங்கினால் சந்தே தொடங்கும். மிஸ்திரி மட்டும் சிரிக்க மாட்டார். இருட்டில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

பிலிமில் இருக்கும் ஒவ்வொரு குட்டிப் படத்தையும் அவர் கட்டம் என்பார். ஊசி முனை பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ரீல் முழுவதையும் எண்ணி வைத்திருந்தார்.

"கரடி நம்மள எத்தன கட்டம் பாக்கு தெரியுமாவே? பதினெட்டு."

"அதனால என்ன?"

"பத்துல விட்டிருந்தா சிரிப்பு வராது, சோலி முடிஞ்சிரும். முப்பதுக்கு இழுத்திருந்தா ஐயோ பாவம்னு ஆயிரும். ஊசி எறங்கி ஏறும்போது கொக்கி வந்து நூல புடிக்கணும்லா, ஒரு மயிரிழ முந்துனாலும் தையல் விட்டுரும். இதும் அந்த டைமிங்தான். பதினெட்டுன்னு கண்டுபுடிச்சவன் பெரிய மிஸ்திரிவே."

சினிமாவைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் பேசிக் கேட்டதில்லை. ஆட்டைப் பற்றியும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. "ஏழு நிமிசத்துல அந்த ஆடு ஒரு தடவகூட சிரிக்கல. அதான்வே நடிப்பு. ஆனா அதுக்கு எல்லாம் தெரியும். கரடி எதுக்கு நம்மளப் பாக்கு? ஆட்டுக்கு சொல்லிக் குடுத்தது நாமதான்னு அதுக்கு சந்தேகம்."

இனி என் பங்கு.

போன மழைக்காலத்தில் மிஸ்திரியின் அறை ரொம்ப ஒழுகியது. ப்ரொஜெக்டரையும் ரீலையும் பிளாஸ்டிக்கில் சுற்றி என் பட்டறையில் கொண்டுவந்து வைத்தார். "தொடாதீரும்" என்றார். என்னிடம் தொடாதே என்று சொன்னவர்கள் யாரும் வாழ்க்கையில் ஜெயித்ததில்லை. அடுத்த நாள் அம்பர்நாத்திலிருந்து சம்பந்தி குடும்பம் வருவதாக இருந்தது. அவர்களுக்கு நானே ஓட்டிக் காட்டினால் என்ன என்று தோன்றியது. பன்னிரண்டு மிஷின் ஓட்டுகிறவனுக்கு அதன் தம்பியை ஓட்டத் தெரியாதா? வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் ஷட்டரை இழுத்துவிட்டு, தனியாக ஒரு ஒத்திகை பார்த்தேன்.

கரடி திரும்பி நம்மைப் பார்த்தது. அப்படியே நின்றது. கர்ரென்று ஒரு சத்தம். பிலிம் அறுந்து கோணல்மாணலாகக் கிழிந்து தொங்கியது.

பயம் என்பதே எனக்குக் கிடையாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வியர்த்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? தோல் கிழிந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பிசிறு தெரியக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டு பக்கமும் பிசிறை ஸ்கேல் வைத்து நேராக வெட்டி எடுத்தேன். முனையோடு முனை சேர்த்து, மெல்லிய டேப் ஒட்டி, தோலில் துளை போடும் பஞ்ச் கருவிகளில் இருப்பதிலேயே பொடியானதை வைத்து ஓட்டை போட்டேன். ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ரீலில் ஏற்கெனவே பழைய ஒட்டுகள் பத்துப் பதினைந்து இருந்தன. அத்தனையிலும் அழகான ஒட்டு என்னுடையதுதான். ஆனாலும் மறுபடி அறுந்தால் வம்பு என்று, சம்பந்தியிடம் பல்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

வெட்டியது ஒரு விரல் நீளம்தான். அதில் என்ன போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்சி. ஆணியைத் தின்றதற்குச் சிரித்தார்கள். ஏணிக்குச் சிரித்தார்கள். கரடி காற்றில் நின்றது, நம்மைப் பார்த்தது, விழுந்தது. பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஷட்டரைத் தூக்கியதும் என் மனைவி சொன்னாள்: "என்னமோ இன்னிக்கி கரடி அவசரத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு."

நான் தோல் கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

மிஸ்திரி விசாரணையைத் தொடங்கினார். முதலில் கரண்ட்மேல் சந்தேகம். இரண்டாவது டீக்கடை பாய்மேல்.

"பாய், நீங்க ஏன் சிரிக்கல?"

"வரல மிஸ்திரி."

"நாலு வருசமா வந்த சிரிப்பு இன்னிக்கி மட்டும் ஏன் வரல? யாரு சொல்லிக் குடுத்தா?"

"சிரிக்காம இருக்கதுக்கு எனக்கு எவன் சொல்லிக் குடுப்பான்? என் கடையில வந்து ஒக்காந்து பாருங்க, தானா வரும்."

அடுத்த ஞாயிறு மிஸ்திரி திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையிலிருந்த டார்ச்சை எங்கள் முகத்தில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார், யார் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று. கண் கூசியதே தவிர யாரும் அடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பிஸ்கட் பேக்கரியில் வேலை செய்கிற வடக்கத்திக்காரர்கள் எட்டுப் பேரைப் பிடித்து வந்து ஓட்டினார். அவர்கள் எங்களோடு பேசி வைத்திருக்க முடியாது, அவ்வளவு பகை எங்களுக்குள். அவர்களும் எல்லா இடத்திலும் சிரித்தார்கள், அந்த ஒரு இடத்தைத் தவிர.

மிஸ்திரி அன்று சாயங்காலம் பட்டறையில் ரீலைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து மறுபடி எண்ணினார். நான் ஒரு பைக்கு ஜிப் வைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரே ஜிப்பை மூன்று முறை வைத்தேன்.

"பதினொண்ணு" என்றார்.

"என்னது?"

"பதினெட்டு இல்லவே. பதினொண்ணுதான் இருக்கு."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் ஒட்டைத் தடவிப் பார்த்தார். "இங்க ஒரு ஒட்டு இருக்கு. ஆனா இது கம்பெனி ஒட்டு. அமெரிக்காக்காரன் போட்டது. எவ்வளவு நேரா வெட்டியிருக்கான் பாரும். நம்மாளு எவனாலயும் இப்படி முடியாது."

ஐயா, என் வாழ்நாளில் என் கைவேலைக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு அது. அது அமெரிக்காக்காரனுக்குப் போய்விட்டது.

அவர் பூதக்கண்ணாடியை மூடினார். "அப்ப இது எப்பவும் பதினொண்ணுதான். பதினெட்டுன்னு எண்ணுனது நாந்தான். மிஷின் மேலயும் தப்பில்ல, சனங்க மேலயும் தப்பில்ல. என் கண்ணுதான்வே போயிட்டு."

நாற்பது வருடத்தில் அவர் யார்மேல்தான் சந்தேகப்படவில்லை? ஆனால் தன்மேல் சந்தேகப்பட்டு அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. என் ஏழாம் நம்பர் மிஷின் தையல் விட்டுக்கொண்டிருந்தது. ஆள் அனுப்பினால், "கட்டத்தையே எண்ணத் தெரியாதவன் ஊசிக்கும் கொக்கிக்கும் எப்படி டைமிங் வைப்பேன்? வேற மிஸ்திரிய பாக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர்களை எல்லாம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாணில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடப் போகிறாராம்.

வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். "வே, நாந்தான் வெட்டுனேன்."

"என்னத்த?"

"பிலிம. சம்பந்தி வாரான்னு ஓட்டிப் பாத்தேன், அறுந்துட்டு. பிசிற வெட்டிட்டு ஒட்டுனேன். அந்த ஒட்டு என் ஒட்டு."

மிஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். சோகமான சிரிப்பு. "என் மனசு ஆறட்டும்னு பொய் சொல்லுதீரு. இரும், டீ குடிச்சிட்டுப் போவும்."

"பொய் இல்லவே."

"நாந்தான் தொடாதீரும்னு சொல்லிட்டுப் போனனே. நீரு தொடுவீரா?"

"தொட்டேன்வே."

"தொட மாட்டீரு. எனக்குத் தெரியும்."

ஊரில் செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொள்கிறவன் உண்டு. செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வழியில்லாமல் திண்டாடியவன் நான் ஒருவன்தான்.

ஒரே வழி, வெட்டிய துண்டைக் கொண்டுவந்து காட்டுவது. தோல் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நகத்தளவு துண்டையும் குப்பையில் போட மாட்டோம். கறுப்புத் துண்டு கறுப்புச் சாக்கில், பழுப்புத் துண்டு பழுப்புச் சாக்கில். நிறைந்ததும் சாவிக்கொத்துப் பட்டை செய்கிறவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பிலிம் கறுப்பு. கையின் பழக்கத்தில் கறுப்புச் சாக்கில்தான் போட்டிருப்பேன். சாக்குகள் மூன்று நிறைந்து கட்டி நின்றன.

ஒன்றைத் தரையில் கொட்டி உட்கார்ந்தேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுதீங்க?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். "அதான பாத்தேன், பல்பு போச்சுன்னீங்க, மறுநா பளிச்சுன்னு எரிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இரண்டாவது சாக்கைக் கொட்டினாள். "எனக்கு என் சிரிப்பு திரும்ப வேணும். தேடுங்க."

மூன்றாவது சாக்கில், பெல்ட் துண்டுகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது. கிழிந்த இடம் பல்பல்லாக, இரண்டு துண்டு, சேர்த்து வைத்தால் ஒரு விரல் நீளம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே குட்டிக் குட்டியாகக் கரடி, ஒவ்வொன்றும் என்னையே பார்த்துக்கொண்டு.

அதை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மிஸ்திரியின் அறைக்குப் போனோம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். நம்பாமல் என்னை எண்ணச் சொன்னார். என்னை நம்பாமல் என் மனைவியை எண்ணச் சொன்னார்.

"ஏழு" என்றாள்.

"பதினொண்ணும் ஏழும்?"

"பதினெட்டு அண்ணாச்சி."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "கண்ணு போவல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியில் சுற்றிய ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். அன்று மத்தியானமே என் ஏழாம் நம்பர் மிஷின் சரியாகிவிட்டது.

கிழிந்த கட்டங்களை நான்தான் உட்கார்ந்து ஒட்டினேன், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறு வந்தது. கரடி காற்றில் நின்றது. கீழே பார்த்தது. திரும்பி நம்மைப் பார்த்தது. கொஞ்சம் நடுங்கித்தான் பார்த்தது, ஒட்டு அப்படி. என் மனைவி சிரித்தாள். பக்கிள் கிலுகிலுத்தது. பாய் தொடையைத் தட்டினார். வெளியே நின்ற பேக்கரிக்காரன் ஷட்டரைத் தட்டி, உள்ளே விடச் சொன்னான்.

ஆனால் விசாரணை அதோடு முடியவில்லை. துண்டு கிடைத்தது என்றால் வெட்டியவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா. மிஸ்திரி ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். டீக்கடை பாய் இருக்கிறார். கதவில் நம்பர் எழுத வந்தவர்கள் இருக்கிறார்கள். படத்தையே பார்க்காத என் சம்பந்தி இருக்கிறார். சந்துப் பூனை இருக்கிறது. என் மனைவிகூட, கேள்விக்குறியோடு, இருக்கிறாள். மொத்தம் பதினொரு பேர்.

"என் பட்டறையில, என் சாக்குல கெடந்துச்சுல்லா? பொறவு என்னவே சந்தேகம்?" என்று கேட்டேன்.

"ஓம்ம பட்டறையில போட்டா ஓம்ம மேல பழி விழும்னு எவனோ போட்டிருக்கான். நீரு கவலப்படாதீரும். நான் கண்டுபுடிச்சிருதேன்."

இன்று வரைக்கும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்காக ஊர் முழுவதையும் சந்தேகப்படுகிறார்.

ஆகவே இந்தப் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். அந்த ஏழு கட்டத்தை வெட்டியவன் நான். அமெரிக்காக்காரன் என்று அவர் மெச்சிய ஒட்டைப் போட்டவனும் நான். அந்த நோட்டில் பன்னிரண்டாவதாக என் பெயரை எழுத வேண்டும். யாராவது மிஸ்திரியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அச்சில் வந்ததை அவர் நம்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, படித்துக் காட்டுங்கள்.